ஏழுமலை அண்ணனின் நிமிட முள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிறவள் இல்லை. பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் ஊருக்குக் கடிதாசு போடவும், ரிப்பேருக்கு வந்த வாட்ச்சின் கவர்மேல் பெயர் எழுதவும்தான். பழைய மெக்கானிக்கல் வாட்ச் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் உங்கள் இதழுக்கு எழுதச் சொன்னபோது, முடியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டேன். இந்த வயதிலும் எனக்கு முடியாது என்று சொல்ல வரவில்லை. பெரிய விஷயம் எதையும் எதிர்பார்த்து வாசிக்க வேண்டாம்.

கழுத்து எலும்பு தேய்ந்து, வலது கண் மங்கி, நான் ரிப்பேர் பெஞ்சை விட்டு எழுந்துவிட்டேன். இப்போது ஒரு வாட்ச்சைப் பார்த்தால் திறக்க வேண்டும் என்று தோன்றுவதில்லை. மூடியே இருக்கட்டும் என்றுதான் தோன்றுகிறது. இங்கே புனேயில் கராடி பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகள் சிலர் அறுபது வருடத்துப் பழைய வாட்ச்சை எங்கிருந்தோ வாங்கிக்கொண்டு வீடு தேடி வருகிறார்கள். "ஆன்ட்டி, ஒரு நாளைக்கு ரெண்டு செகண்டுக்குள்ள கொண்டு வர முடியுமா?" என்கிறார்கள். "எதுக்குப்பா?" என்று கேட்டால் சிரிக்கிறார்கள். கிண்டலாகக் கேட்பதாக நினைக்கிறார்கள். நான் நிஜமாகத்தான் கேட்கிறேன். யாருக்கு, எதுக்கு என்று தெரியாமல் ஒரு வாட்ச்சைச் சரியாக ஓட வைக்க முடியாது. அதைத் தெரிந்துகொண்ட கதையைத்தான் எழுதப் போகிறேன்.

கல்யாணத்துக்கு முன்பு ஓசூர் பக்கம் ஒரு வாட்ச் கம்பெனியில் அசெம்பிளி வரிசையில் இருந்தேன். கல்யாணமாகிப் புனே வந்தேன். வீட்டுக்காரருக்குக் கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. கேம்ப் பக்கம் ஒரு பழைய வாட்ச் கடையில் எனக்கு பெஞ்ச் கிடைத்தது. கடைக்கு முதலாளி ஒருவர், நாங்கள் மாலக் என்போம். பெஞ்சில் நானும் சாவந்த் என்று ஒரு மராத்திக்காரரும். சாவந்த் என்னை "வஹினி" என்று கூப்பிடுவார். அண்ணி என்று அர்த்தம். என்னைவிட வயதில் பெரியவர்தான், ஆனாலும் அப்படித்தான்.

வாட்ச் எடுக்கும்போது கேள்வி கேட்பது எங்கள் கடை வழக்கம். எந்தக் கையில் கட்டுகிறீர்கள், ராத்திரி எங்கே வைக்கிறீர்கள், குப்புறவா மல்லாக்கவா, ஸ்கூட்டர் ஓட்டுகிறீர்களா. வானவடியிலிருந்து ஒரு ராணுவ சுபேதார் வாட்ச் கொண்டுவருவார். பெஞ்சில் ஒழுங்காக ஓடும், வீட்டுக்குப் போனால் பிய்த்துக்கொண்டு ஓடும். கடைசியில் கேட்டால் தினமும் ராத்திரி ரேடியோவின் ஸ்பீக்கர்மேல் வைத்திருக்கிறார். காந்தம் பிடித்துக்கொண்டது. "அங்க வைக்காதீங்க சாப்" என்று சொன்னதோடு அந்த வாட்ச்சின் வியாதி தீர்ந்தது. அதனால் யாரையும் கேட்காமல் விடமாட்டோம். ஒரே ஒருவரைத்தான் கேட்காமல் விட்டோம்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். வெள்ளைக் கம்பைத் தட்டிக்கொண்டு ஒருவர் கடைக்குள் வந்தார். நான் இந்தியில் உட்காரச் சொன்னேன்.

"தமிழா மா?" என்றார் உடனே. "பைட்டியேன்னு ரெண்டு வார்த்த சொல்ற, அதுலயே இட்லி வாசன வருது."

சாவந்துக்குப் புரியாவிட்டாலும் நான் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார்.

"என் பேரு ஏழுமலை. ஒரு மலையும் பாத்ததில்ல," என்றார். "வேலூர்ப் பக்கம். எங்கப்பா காலத்துலயே இங்க வந்துட்டோம். இப்ப வானவடில தங்கச்சி வூட்ல இருக்கேன்."

ஸ்டேஷன் பக்கம் ஒரு ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டர். கண் பிறவியிலேயே இல்லை. கையில் கட்டியிருந்தது, கண் தெரியாதவர்களுக்காகவே செய்த பழைய ஸ்விஸ் வாட்ச். ஆறு மணிக்குப் பக்கத்தில் ஒரு பித்தானை அமுக்கினால் கண்ணாடி மூடி போலத் திறக்கும். டயலில் எண்ணுக்குப் பதில் உலோகப் புள்ளிகள். முட்கள் தடியாக இருக்கும், விரலால் தடவிப் பார்ப்பதற்காக. அவருக்கு முன்னால் அந்த டெலிபோன் போர்டில் இருந்த ஆபரேட்டரும் கண் தெரியாதவர்தானாம். ரிட்டயர் ஆகும்போது போர்டையும் இவருக்கு விட்டு, வாட்ச்சையும் இவருக்கே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"காலைல ரேடியோ நியூஸ் வெச்சு சரி பண்றேன் மா. மத்தியானத்துக்குள்ள படுத்துக்குது. சாப்பாட்டுக்கு வெளிய வேப்ப மரத்தாண்ட உக்காருவேன். இன்னும் டைம் இருக்குதுன்னு சொல்லுது இது. உள்ள போனா போர்டு அழுதுக்கினு இருக்குது, ஆபீஸர் பக்கத்துல நின்னுக்கினு இருக்கான்."

புதிதாக வந்த ஆபீஸருக்கு போர்டையே எடுத்துவிட்டு மெஷின் வைக்க ஆசையாம். எழுத்திலேயே எச்சரிக்கை கொடுத்துவிட்டார். இன்னும் ஒரு தடவை லேட் என்றால் போர்டுக்கு வேறு ஆள், ஏழுமலை அண்ணனுக்கு ஒரு மூலையில் நாற்காலி.

"மூலைல உக்கார வெச்சா சம்பளம் வரும் மா," என்றார். "ஆனா காலைல எழுந்து எதுக்குக் கெளம்பறது?"

பேசுகிற வாட்ச் வந்துவிட்டதே, அது வாங்கிக்கொள்ளலாமே என்றேன்.

"அந்த சைனாக்காரியா? பஸ்ல அமுக்கினேன். இங்கிலீஷ்ல ஒரு பொம்பள கத்தறா. எல்லாரும் என் சட்டைக்குள்ள யாருன்னு பாக்கறான்."

"கூட வேலை பாக்கறவங்ககிட்ட மணி கேட்டுக்கலாமே அண்ணே?"

"நான் யார்கிட்டயும் மணி கேக்கறதில்ல. ஒரு தடவ கேட்டா அப்புறம் பொழுதுக்கும் கேக்கணும்."



வாட்ச்சைப் பிரித்துக் கழுவி, எண்ணெய் வைத்து, மெயின் ஸ்பிரிங் மாற்றினேன். அப்போதெல்லாம் எங்கள் டைமிங் மெஷின் நீளமான காகிதத்தில் புள்ளி குத்திக்கொண்டே போகும். புள்ளிகள் நேர்கோடாகப் போனால் வாட்ச் சரி, சாய்ந்தால் வேகமோ மெதுவோ. மல்லாக்க வைத்தேன், குப்புற வைத்தேன், சாவி கீழே இருக்கும்படி நிறுத்தி வைத்தேன். அந்த வயது வாட்ச்சுக்கு அவ்வளவு நேராகக் கோடு போவது அபூர்வம். சந்தோஷமாகக் கொடுத்தனுப்பினேன்.

திரும்ப வந்தார். மத்தியானத்துக்குள் படுத்துவிடுகிறதாம்.

சாவந்த் வாங்கி, உள்ளே மயிரிழைபோல் சுருண்டிருக்கும் ஹேர் ஸ்பிரிங்கைப் பார்த்தார். எங்கோ லேசாக ஒட்டுகிறது என்று சொல்லிச் சரி செய்தார். கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தோடு ஒப்பிட்டு நாள் கணக்கில் பெஞ்சில் வைத்திருந்தோம். அசையவில்லை. கொடுத்தோம். திரும்ப வந்தார். நிமிட முள்ளைப் பிடித்துக்கொண்டிருக்கும் கேனன் பினியன் தளர்ந்திருக்குமோ என்று பார்த்தோம். குழாய் போன்ற ஒரு சின்னப் பல்சக்கரம் அது. இறுக்கமாகத்தான் இருந்தது. கொடுத்தோம். திரும்ப வந்தார்.

ஒவ்வொரு தடவையும் அவர் பெஞ்சுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டிருப்பார். "டயல்ல புள்ளியெல்லாம் தேஞ்சுடுச்சா பாரு மா," என்று ஒரு தடவை சொன்னார். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உலோகப் புள்ளி, புதிதுபோல இருந்தது. "நல்லாத்தான் இருக்கு அண்ணே" என்றேன். "ஆபீஸ்ல போன் நம்பரெல்லாம் பிரெயில் புள்ளில குத்தி வெச்சிருக்கேன். அந்தப் பேப்பரும் தேஞ்சு போச்சு. எல்லாம் பழசாயிடுச்சு" என்றார். நான் அதையும் கேட்டுக்கொண்டேன். காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

மாலக்குக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு வாட்ச்சுக்கு எத்தனை தடவை பெஞ்ச் கொடுப்பது? நம் மெஷின் சரி என்கிறது. ஆளைத் திருப்பி அனுப்பு" என்றார்.

திருப்பி அனுப்ப எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் சமைக்கும்போதும் அந்த வாட்ச்தான் நினைவில் ஓடியது. எங்கள் கையில் நேராக ஓடுகிறது, அவர் கையில் பின்தங்குகிறது. நடுவில் இருப்பது அவர் மட்டும்தான். அது தெரிந்தும், சுபேதாரிடம் கேட்ட கேள்வியை இவரிடம் யாரும் கேட்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன். கண் தெரியாத ஒருவரிடம் "எப்படி மணி பார்க்கிறீர்கள், செய்து காட்டுங்கள்" என்று கேட்க எங்களுக்குக் கூச்சம். அவர் மூடியைத் திறந்து முள்ளைத் தடவும்போதெல்லாம் நானும் சாவந்தும் வேறு பக்கம் பார்ப்போம். மரியாதை என்று நினைத்துக்கொண்டோம்.

அடுத்த தடவை அவர் வந்தபோது நல்ல மழை. ரெயின்கோட்டைக் கழற்றியபடியே சொன்னார், "நேத்து தப்பிச்சேன் மா. ஆபீஸர் லீவு. இன்னிக்கு அர நாள் லீவு எழுதிட்டு வந்திருக்கேன். நாளைக்கு அவன் வந்துடுவான்."

நான் தைரியம் வரவழைத்துக்கொண்டு, "அண்ணே, மணி பார்த்துக் காட்டுங்களேன்," என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"சும்மா. நான் பார்க்கணும்."

சிரித்தார். "அட, இத்தன நாள் கழிச்சு இப்பத்தான் கேக்கறியா?" என்று மூடியைத் திறந்தார்.

நான் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு குனிந்தேன். பன்னிரண்டாம் புள்ளியிலிருந்து பின்பக்கமாக விரலை நகர்த்தினார். மணி அடிக்க இன்னும் எவ்வளவு பாக்கி என்று அறிவதற்கு அந்தப் பழைய ஆபரேட்டர் சொல்லிக்கொடுத்த வழக்கமாம். தடவவில்லை, அழுத்தினார். நகத்தின் நுனி வெளுத்துப் போகிற அளவுக்கு. விரல் நிமிட முள்மேல் ஏறி, தாண்டி, திரும்பத் தேடி வந்தது. அந்த உரசலில் முள் பின்னால் நகர்ந்தது. என் கண் முன்னால் நகர்ந்தது.

"இன்னொரு தடவை, அண்ணே."

மறுபடியும் நகர்ந்தது.

வேப்ப மரத்தடியில் அவர் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். லேட் ஆகிவிடக் கூடாதே என்று பயந்து பயந்து தொட்டுப் பார்ப்பார். தொடத் தொட முள் பின்னால் போகும். பின்னால் போனதால் லேட் ஆகும். லேட் ஆனதால் அடுத்த நாள் இன்னும் அதிகமாகத் தொடுவார்.

சாவந்தும் எட்டிப் பார்த்துவிட்டார். என் காதருகே மராத்தியில் சொன்னார்: "கண்டுபிடித்துவிட்டாய் வஹினி. பினியனை இன்னும் கொஞ்சம் நெரித்துவிடு. எவ்வளவு அழுத்தினாலும் முள் நகராது. முடிந்தது வேலை."

சரியான வைத்தியம்தான். வாட்ச்சை வாங்கிப் பிரித்து, பினியனை ஒரு பொட்டு இறுக்கி, திரும்ப மாட்டினேன். அதற்குள் டீக்கடைக்காரர் கட்டிங் சாய், அரை கிளாஸ் டீ, கொண்டு வந்தார். மழைக்குக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டு வந்திருந்தார். நானும் சாவந்தும் கிளாஸை விளிம்பில் பிடித்து, தொட்டு, கீழே வைத்து, திரும்ப எடுத்துக்கொண்டிருந்தோம். ஏழுமலை அண்ணன் கிளாஸை முழுக் கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"பாய், உங்கள் கையில் தோல் இருக்கிறதா, ரெக்ஸினா?" என்று சாவந்த் இந்தியில் கேலி செய்தார்.

"ஆபரேட்டர் கை. இரும்பு," என்று இவரும் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது. தேய்ந்து போன பேப்பர், தேய்ந்து போன புள்ளி. எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. தேய்ந்திருந்தது விரலின் உணர்ச்சிதான்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். என் கையில் இருந்த வாட்ச் அப்போது சரியாகிவிட்டது. சாவி கொடுத்து நீட்டினால் போதும். மாலக் சந்தோஷப்படுவார், ஏழுமலை அண்ணன் திரும்ப வரமாட்டார். ஆனால் இனி முள் அசையாது. சரியான மணியைக் காட்டும் வாட்ச்சை அவர் தப்பாகப் படித்துக்கொண்டிருப்பார். ஏதோ சரியில்லை என்று அவருக்கு இதுவரை சொல்லிக்கொண்டிருந்தது அந்தப் பின்தங்கிய முள் ஒன்றுதான். அதன் வாயையும் நான் அடைத்துவிட்டேன்.

இன்னொரு பக்கம், சொன்னால் என்ன ஆகும்? அந்த மனிதருக்கு உலகமே அந்த விரல் நுனியில் இருக்கிறது. வாட்ச் ரிப்பேர் செய்கிறவளுக்கு அதைச் சொல்ல என்ன உரிமை?  யாராவது வந்து என்னைக் கூப்பிட்டால் தேவலை என்றிருந்தது. யாரும் வரவில்லை.

நான் சாவி கொடுக்கவில்லை. முட்களை இரண்டு இருபதில் வைத்து அவர் கையில் கொடுத்தேன். "எவ்வளவு அண்ணே?"

அழுத்தினார். தேடினார். முள் அசையாமல் நின்றது.

"ரெண்டே கால்."

ஒரு புள்ளி தப்பு.  

அவர் வாட்ச்சைக் காதில் வைத்தார். முகம் மாறியது. "இது ஓடலியே. பரீச்ச வெக்கிறியா மா?"

"ஆமாம் அண்ணே."

"பாஸா?"

"ரெண்டு இருபது."

மறுபடியும் தடவினார். நகம் வெளுத்தது. மெதுவாக, இன்னும் மெதுவாக. பிறகு விரலை எடுத்துவிட்டார்.

நான் தமிழில், தணிந்த குரலில் பேசினேன். கடையில் வேறு யாருக்கும் புரியாது என்ற தைரியம்தான். "வாட்ச்ல ஒண்ணும் இல்ல அண்ணே. ஆரம்பத்திலேயே ஒண்ணும் இல்ல. நீங்க அழுத்தறதால முள் நகருது. அதை இறுக்கிட்டேன். ஆனா விரல்... டீ சுடலையா உங்களுக்கு? கொப்புளம் இருக்கு. எங்க மாமியாருக்குக் கால்ல இப்படித்தான் ஆரம்பிச்சுது. சக்கரை பார்த்தீங்களா? ஒரு டாக்டர்கிட்ட..."

அவர் தமிழில் பதில் சொல்லவில்லை. கடை முழுக்கக் கேட்கும்படி இந்தியில் சொன்னார்: "கடி பனாவோ. பஸ். ஹாத் மத் பனாவோ."

வாட்ச்சை ரிப்பேர் பண்ணு, போதும், கையை ரிப்பேர் பண்ணாதே என்கிறார். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை இந்தி பேசாதவர்.

மாலக் கல்லாவிலிருந்து எழுந்துவிட்டார். "என்ன சொன்னாய் அவரிடம்?"

"வாட்ச் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்," என்றேன். பொய் இல்லை.

சாவி கொடுத்து, மணியைச் சரியாக வைத்து, அவர் கையில் வைத்தேன். கட்டிக்கொண்டார். கொக்கி மாட்ட நேரமானது. உதவலாமா என்று கை எழுந்தது, அடக்கிக்கொண்டேன். கம்பைத் தேடி எடுத்து, ரெயின்கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டார். மூடியைத் திறக்கவில்லை. படியில் இறங்கும்போது திரும்பாமலே கேட்டார், இப்போது தமிழில்.

"முள்ள டைட் பண்ணிட்ட இல்ல?"

"பண்ணிட்டேன் அண்ணே."

"இனிமே நவுராது?"

"நகராது."

மழைக்குள் போய்விட்டார்.

சாவந்த் காலி கிளாஸ்களை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு மெதுவாக, "கேட்ட வேலையைச் செய்தோம், அதோடு விட்டிருக்கலாம் வஹினி," என்றார். அவர் கெட்டவர் இல்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நானும் அதையேதான் நினைத்தேன். ஒரு முள்ளை அசையாமல் வைக்க எனக்குத் தெரியும். அதற்குமேல் நான் செய்தது சரியா தப்பா என்று காட்டுகிற மெஷின் எந்தக் கடையிலும் இல்லை. உங்களுக்கும் இருக்காது. கோடு நேராகப் போகிறது என்பதற்காக வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். வாங்க வந்தவர் கையைப் பாருங்கள். கூச்சமாக இருந்தாலும் பாருங்கள். இதைச் சொல்ல இவ்வளவு எழுதியிருக்க வேண்டியதில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கடை போன் அடித்தது. மாலக் எடுத்து, எனக்கு என்று நீட்டினார். "தங்கச்சி, மணி எவ்ளோ?" என்றது ஏழுமலை அண்ணனின் குரல். பின்னால் போர்டின் மணி கேட்டது. சுவரைப் பார்த்துச் சொன்னேன். "சரி மா" என்று வைத்துவிட்டார்.